மலைக்குப் போன உப்பு

ஜனவரி 27, செவ்வாய்

காலையிலிருந்து இரண்டு மோட்டார். இரண்டும் உப்பளத்து மோட்டார், இரண்டுக்கும் ஒரே நோய். உப்புக் காற்று உள்ளே போய் பேரிங்கைத் தின்றிருக்கிறது. மூடி போட்டு வையுங்கள் என்று போன வருடமே சொன்னேன். எவன் கேட்டான்? மரக்காணத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்தவன் உப்பைத் திட்டவும் முடியாது. அது தின்னவில்லை என்றால் எனக்குச் சோறு இல்லை.

சாயந்திரம் அப்பா கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"எட்டாந்தேதி ஞாயித்துக்கெழம பிரபாகரன் வூட்ல பொண்ணு பாக்க வர்றாங்க. நீ போயி உன் தங்கச்சியக் கூட்டிட்டு வா. போன்ல சொன்னா சிரிக்கிறா."

பிரபாகரன் பாலிடெக்னிக்கில் என் பெஞ்ச். கீழ்புத்துப்பட்டுக்காரன், புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறான். நல்ல பையன். இந்தச் சம்பந்தப் பேச்சை எடுத்ததே நான்தான். அவளைக் கூட்டிவருவது என் பொறுப்பு என்று அவனிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன். போகாமல் முடியாது.

சத்யப்ரியா மூன்று வருடமாகக் கொடைக்கானலில் மண் பிசைகிறாள். காலேஜில் அதற்குச் செராமிக்ஸ் என்று பெயர். இத்தனை நாள் இன்னொருவர் பட்டறையில் வேலை. இப்போது தனியாக ஆரம்பிக்கிறாளாம். அவள் முதன்முதலில் செய்த டம்ளர் ஒன்று வீட்டில் இருக்கிறது, ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மா அதில்தான் டீ குடிக்கிறாள். அது வட்டமே இல்லை என்று ஒருமுறை அளந்து காட்டினேன். அன்று எனக்கு டீ கிடைக்கவில்லை.

சம்பந்தம் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால், "நான் என்னத்த சொல்றது."

ஜனவரி 28, புதன்

கையை வீசிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். இருபத்தைந்து கிலோ உப்பு தலையில் விழுந்தது. சத்யா சூளையில் உப்பை அள்ளிப் போடப் போகிறாளாம். பானை பளபளக்குமாம். கொடைக்கானல் கடையில் உப்பு விற்காதா? "நம்ம பாத்தி உப்புதான் வேணும்"னு அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

அம்மாவே எங்கள் உப்பளத்துக்குப் போய், போன வருட அம்பாரத்தில் கீற்றை விலக்கி, வெள்ளையாகப் பார்த்து அள்ளி வந்தாள். மூட்டையின் வாயைக் கட்டும்போது ஒரு மஞ்சள் கிழங்கைத் துணியில் முடிந்து கயிற்றோடு சேர்த்துக் கட்டினாள்.

"இது எதுக்கு?"

"பூச்சி வராது."

"உப்புக்கு எந்தப் பூச்சிமா வரும்?"

"வாய மூடிட்டுத் தூக்கு. வழியில யார் வூட்லயும் எறக்கி வெக்காத."

விழுப்புரத்திலிருந்து ரயில். பெட்டியில் இடம் இல்லை. மூட்டைக்கு இருக்கிறது.

ஜனவரி 29, வியாழன்

கொடைரோட்டில் இறங்கி, வத்தலகுண்டு வந்து மலை பஸ் பிடித்தேன். தைப்பூசம் வருகிறது. வழி முழுக்கப் பழனிக்கு நடக்கிற கூட்டம். வெறுங்காலோடு அவர்கள் வேகமாகப் போனார்கள், பஸ் போகவில்லை.

கண்டக்டர் மூட்டையை உதைத்துப் பார்த்தார். "என்னய்யா இது?"

"உப்பு."

"எல்லாரும் மலையில இருந்து பூண்டு எறக்குவான். நீ ஒருத்தன்தான் மலைக்கு உப்பு ஏத்துற."

பெருமாள்மலை தாண்டியதும் குளிர் ஜன்னல் இடுக்கில் புகுந்தது. ரப்பர் பீடிங் போயிருக்கிறது. பத்து நிமிட வேலை. எவனும் செய்ய மாட்டான்.

பஸ் ஸ்டாண்டில் சத்யா. கன்னத்தில் மண். "டேய் அண்ணா, நெஜமாவே தூக்கிட்டு வந்துட்டியா?" என்று மூட்டையைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள். என்னை அப்புறம்.

ஒரு கடை மாடியில் தோழியோடு தங்கியிருக்கிறாள். நாளைக்குப் புது இடத்துக்கு மாறுகிறாள். மூட்டையை மேலே கொண்டுவர விடவில்லை. கீழே டீக்கடையில் வைக்கச் சொன்னாள். "யார் வூட்லயும் வெக்காதன்னு அம்மா சொல்லிச்சு" என்றேன். "டீக்கட வூடு இல்ல" என்றாள். வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

நான் சுற்றிவளைக்கவில்லை. டீ வருவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பிரபாகரன், எட்டாம் தேதி, கிளம்பு.

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "இங்க எனக்குன்னு மொத தடவயா ஒரு சூளை கட்டியிருக்கேன்ணா. செவ்வாய்க்கெழம பத்த வெக்கிறேன், வியாழன் தொறப்பேன். அதுவரைக்கும் இரு. பாத்துட்டு கௌம்புன்னு நீ சொன்னா, பையத் தூக்கிட்டு வந்துடறேன். சத்தியமா."

"நான் எதுக்கு சொல்லணும்?"

"உனக்குத்தான் பொய் சொல்ல வராது. நீ கை கால் மொளச்ச மல்டிமீட்டர், இருக்கறத அளந்து காட்டுவ."

"வேணாம்னு சொன்னா?"

"அப்ப அப்பாகிட்ட நீதான் பேசணும்."

ஒப்புக்கொண்டேன். இதில் எனக்கு என்ன கஷ்டம்? இருப்பதைச் சொல்லப் போகிறேன்.

ஜனவரி 30, வெள்ளி

தோள் அறுந்துவிட்டது.

வில்பட்டி ரோட்டில் ஜீப் நின்ற இடத்திலிருந்து புது வீட்டுக்குச் சரிவில் படி இறங்க வேண்டும். பின்னால் ஒரு கொட்டகை, அதில் அவள் முன்பே கட்டி வைத்த சூளை. முன்னால் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. முன்பு மலைப்பூண்டு வைத்திருந்த இடம். சுவரெல்லாம் பூண்டு வாசனை. நாளைக்கு இவள் கப்பில் காபி குடிப்பவனுக்கு ரசம் குடித்த மாதிரி இருக்கும்.

ஜீப்பில் கட்டில், ஸ்டவ், பானை வனையும் சக்கரம் எல்லாம் இருந்தது. நான் ஸ்டவ்வில் கை வைத்தேன். சத்யா, "அதெல்லாம் அப்புறம். கனமானத மொதல்ல எறக்கு" என்றாள். சரியான யோசனை. களைப்பதற்கு முன்பே கனத்தை முடித்துவிட வேண்டும். இவளுக்கும் கொஞ்சம் டெக்னிக்கல் மூளை இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்கார அம்மா மேரிசெல்வி சாவியோடு நின்றார். கதவைத் திறந்து ஒதுங்கி, "வலது கால வச்சு வாங்க தம்பி" என்று சிலுவை போட்டுக்கொண்டார். தோளில் இருபத்தைந்து கிலோ இருக்கிறவனுக்கு எந்தக் கால் என்று தெரியுமா? ஏதோ ஒரு காலை வைத்தேன். சமையல்கட்டு மூலையில் மூட்டையைப் போட்டேன். அதற்குப் பிறகு மற்ற சாமான்கள்.

சத்யா அந்த மஞ்சள் கிழங்கை அவிழ்த்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு ஜன்னலில் வைத்தாள்.

"பூச்சி வராதாம்" என்றேன்.

"வராது" என்றாள்.

ஜனவரி 31, சனி

ஊரைச் சுற்றிக் காட்டினாள். ஷேர் ஜீப்பில் வட்டக்கானல். ஜீப்பில் பதினோரு பேர், ஒரு கிதார். கிதாருக்குத்தான் சீட்.

இந்த ஊரில் ஒருவரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கேக் சுடுகிறவர் கவிதை எழுதுகிறார். கவிதை எழுதுகிறவர் சோப்பு காய்ச்சுகிறார். ஒரு கடைக் கதவில், 'இன்று மூடுபனி நன்றாக இருப்பதால் கடை இல்லை' என்று எழுதி மாட்டியிருந்தது. மரக்காணத்தில் காற்று நன்றாக இருக்கிறது என்று நான் கடையைப் பூட்டினால் அப்பா என்னைப் பூட்டுவார்.

கிருபா என்று ஓர் ஓவியர். ஒரு வருடமாக மூடுபனியை மட்டும் வரைகிறார். காட்டினார். வெள்ளைத் தாளில் வெள்ளை.

"எப்படி இருக்கு?" என்றார்.

"இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றேன்.

சத்யா என் காலை மிதித்தாள். அவர் கோபப்படவில்லை. "உங்களுக்குக் கலையரசன்னு பேரு வெச்சவங்க யாரு?" என்று மட்டும் கேட்டார்.

டீக்கடையில், மன்னிக்க, கஃபேயில் நாற்காலிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாது. வேண்டுமென்றே அப்படியாம். என்னுடையது ஆடியது. அதுவும் வேண்டுமென்றேவா? அட்டையை மடித்துக் காலுக்குக் கொடுத்தேன். அடுத்த டேபிளில் இருந்தவர்கள் தங்கள் நாற்காலியையும் பார்க்கச் சொன்னார்கள். மூன்று நாற்காலி சரிசெய்தேன். ஒரு கேரட் கேக் இலவசம். சத்யா, "உனக்கு இந்த ஊர்ல பொழப்பு இருக்குதுடா" என்றாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பிரபாகரன் போன் செய்தான். "வர்றாளாடா?" பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "எதப் பாக்கற?" என்றான். டவர் இல்லை என்று வைத்துவிட்டேன். நான்கு கட்டம் டவர் இருந்தது. மல்டிமீட்டர் பொய் சொன்ன முதல் நாள்.

பிப்ரவரி 2, திங்கள்

சூளையில் பானைகளை அடுக்கினோம். அடுக்கினாள். நான் தூக்கிக் கொடுத்தேன். இரண்டு மாத வேலை மொத்தமும் உள்ளே போகிறது. நடுவில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜாடி. அதைத் தூக்கும்போது மட்டும் மூச்சு விடாதே என்றாள்.

புகைபோக்கிக்குப் போட்ட பழைய தகடு துருப்பிடித்துச் சிக்கியிருந்தது. தட்டி, எண்ணெய் விட்டு, சரளமாக ஆக்கினேன். நல்ல தெர்மோகப்பிள் ஒன்று கொண்டுவந்திருந்தேன். அதையும் சொருகினேன். இனி சூடு எவ்வளவு என்று எண்ணில் தெரியும். இதுவரை எப்படிப் பார்த்தாள் என்றால், கண்ணால் என்கிறாள்.

மேரிசெல்வி அக்கா கருப்பட்டிக் காபி கொண்டுவந்தார். பேச்சுவாக்கில், "புதன்கெழமையே வீட்டுச் சாவியக் குடுத்துட்டேன் தம்பி. ஒரு துரும்பு உள்ள வைக்கல உங்க தங்கச்சி. அண்ணன் வரட்டும், அண்ணன் வரட்டும்னு ஒரே பேச்சு" என்றார்.

கூலி மிச்சம் பிடித்திருக்கிறாள். கெட்டிக்காரி.

பிப்ரவரி 3, செவ்வாய்

விடியும்போதே பற்ற வைத்தாள். பகல் முழுக்க விறகு. மூன்று மணிக்கு மேல் உள்ளே பார்த்தால் நெருப்பு தெரியவில்லை, வெளிச்சம்தான் தெரிந்தது. ஆயிரத்து இருநூற்றைத் தாண்டி எண் ஏறியது. நான் படித்துச் சொன்னேன், அவள் "உம்" என்றாள், பார்க்கவில்லை.

பிறகு உப்பு. ஈரம் தெளித்து, பழைய பேப்பரில் பொட்டலம் கட்டி, விறகு போடும் வாயில் ஒவ்வொன்றாக எறிந்தாள். உள்ளே படபடவென்று வெடித்தது. புகைபோக்கியிலிருந்து வெள்ளையாகக் கிளம்பியது. காற்று வரும் பக்கமாக நில் என்று என்னை இழுத்தாள்.

ஐந்தாவது பொட்டலத்தில் என் தெர்மோகப்பிள் செத்தது. எண் தாறுமாறாக ஓடி நின்றுபோனது. உப்பு இங்கேயும் வந்து என் பொருளைத் தின்கிறது. ஊர் விட்டு ஊர் வந்தும் விடவில்லை.

"அஞ்சலி செலுத்திட்டியா? வெறகு எடு" என்றாள்.

இரும்புக் கம்பியால் உள்ளேயிருந்து பதம் பார்க்க வைத்திருந்த ஒரு சின்ன மண் வளையத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். சுர்ரென்றது. எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பி, "இன்னும் கொஞ்சம்" என்று அடுத்த பொட்டலத்துக்குக் கை நீட்டினாள். நான் கையில் கொடுக்கப் போனேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"கீழ வெய்யி. உப்பக் கையில குடுத்தா சண்ட வரும்."

"நாம எப்ப சண்ட போடாம இருந்தோம்?"

"அதான். இதுக்கு மேல தாங்காது."

முகமெல்லாம் கரி. இருட்டுவதற்குள் சூளை வாயை அடைத்துச் சேறு பூசினோம்.

பிப்ரவரி 4, புதன்

சூளை ஆறுகிறது. திறக்கக் கூடாதாம். பொறுமை என்கிற ஸ்பேர் பார்ட் என்னிடம் ஸ்டாக் இல்லை. மேரிசெல்வி அக்கா வீட்டு மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், பக்கத்து வீட்டு கீஸர், எல்லாம் சரிசெய்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

நிறைய எழுத வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் திறந்தாள். செங்கல் ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க உள்ளேயிருந்து சூடு வந்தது. முன்வரிசைக் கிண்ணங்கள் பழுப்பு. தோல் மட்டும் சாத்துக்குடித் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக, மினுக்கமாக. அது பெயின்ட் இல்லை. உப்பு ஆவியாகி மண்ணோடு உருகிப் பிடித்தது. ஒரு கிண்ணத்தின் உட்புறம், காற்றில்லாத காலையில் பாத்தித் தண்ணீர் மேல் முதல் உப்பு ஆடை படியுமே, அப்படி இருந்தது. என்னத்தை எழுதுகிறேன்? இன்னும் ஒரு வாரம் இருந்தால் நானும் மூடுபனி வரைவேன்.

பெரிய ஜாடி விரிசல் விட்டுவிட்டது. கழுத்திலிருந்து அடி வரைக்கும்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பக்கத்தில் குந்தி, விரலால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். விரிசல் எங்கே ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கம் அகலம் என்று நகத்தால் பிடித்துக்கொண்டே போனாள். நான் ஒருத்தன் நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை. எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போது என் முகம் இப்படித்தான் இருக்கும் என்று கடையில் சொல்வார்கள்.

நான் பார்த்ததைச் சொன்னேன்.

"நாலுல ஒண்ணு நேரா நிக்கல. அந்தக் கெட்டில் மூக்கு சொட்டும்."

"சொட்டும்."

"ஜாடி விரிஞ்சது காத்து அடிச்சதுல. வடக்குப் பக்கம் தடுப்பே இல்ல. மூடுன அப்புறம் அந்தப் பக்கம் மட்டும் சீக்கிரம் ஆறியிருக்குது."

"ஆமா. அடுத்த தடவ தகரம் வெச்சு அடச்சிடணும்."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். அடுத்த தடவை என்ற வார்த்தை கொட்டகைக்குள் நின்றது. கையைப் பாவாடையில் துடைத்தபடி என்னைப் பார்த்தாள். கிளம்புவதா வேண்டாமா, கேள்வி அதுதான்.

"தகரம் ஒரு வெயில்ல வளைஞ்சிடும். ஆஸ்பெஸ்டாஸும் வேணாம். செங்கல்லயே கட்டு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே புரிந்தது. அவளுக்கு முன்பே புரிந்துவிட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு ஜாடியிலிருந்து உதிர்ந்த சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். தோள் மட்டும் குலுங்கியது. இப்போது அழுகிறாள். விரிந்ததற்கு அழாதவள் செங்கல்லுக்கு அழுகிறாள்.

பிறகு போன். ஒப்பந்தப்படி நான்தான் பேச வேண்டும். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அவ வரலப்பா. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

"நீ யாருடா சொல்றதுக்கு? உன்ன எதுக்கு அனுப்புனேன்? பிரபாகரன் அப்பா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?" இன்னும் நிறைய. எல்லாம் நியாயம்தான். நான் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

நடுவில் அம்மா குரல். "ஏங்க, கொஞ்சம் இருங்க. டேய், அந்த உப்பு எங்கடா வெச்சே?"

இந்த நேரத்தில் உப்பா? "சமையல்கட்டு மூலையில."

"எந்த வூட்டுச் சமையல்கட்டு?"

"அவ புது வூடு."

"என்னைக்கு?"

"வெள்ளிக்கெழம."

"அதுக்கு முன்னாடி வேற சாமான் ஏதாவது உள்ள போச்சா?"

"இல்லமா. தோள அறுத்துச்சு. அதான் மொதல்ல அத எறக்குனேன்."

அம்மா அப்பா பக்கம் திரும்பியது குரலில் தெரிந்தது. "கேட்டீங்களா. தை வெள்ளிக்கெழம, பொறந்த வூட்டு உப்ப மொதல்ல உள்ள கொண்டு போயி, கூடப் பொறந்தவன் கையால வெச்சிருக்கான். கூட்டிட்டு வாடான்னு அனுப்புனா, குடி வெச்சிட்டு நிக்கிறான்."

எனக்கு அப்போதுதான் தலையில் இறங்கியது. எங்கள் ஊரில் எந்தப் புது வீட்டுக்கும் முதலில் போவது உப்புதான். தெரியாதா? தெரியும். மூட்டையில் இருந்தது சூளைக்கான உப்பு என்று நினைத்துத் தூக்கினேன்.

"சூளைக்குன்னுதானேமா குடுத்த?"

"உப்புக்குத் தெரியுமாடா எதுக்குன்னு?"

அப்பா, "அதனால என்ன, பூட்டிட்டு வரட்டும்" என்றார். குரலில் பாதிக் காற்று போயிருந்தது.

"உப்பு வெச்ச வூட்ட ஒரு வாரத்துல பூட்டச் சொல்லுவீங்களா? பாத்தி மிதிச்சுத் தயாரா போட்டிருக்குது. இந்த வருசம் உப்பு எறங்க வேணாமா?"

"அப்படி எந்த சாஸ்திரத்துல இருக்குது?" என்று நான்தான் கேட்டேன். எனக்கு வாயில் சனி.

"என் வாயில இருக்குது" என்றாள் அம்மா.

அப்பா உப்பளக்காரர். கடவுளைக் கூடக் கேள்வி கேட்பார், உப்பைக் கேட்க மாட்டார். கடைசியில், "அவ வெக்கச் சொன்னாளா, நீயா வெச்சியா?"

கனமானதை முதலில் இறக்கு என்றவள் எதிரே நின்று ஒரு கிண்ணத்தை ரொம்ப அக்கறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நானாத்தான் வெச்சேன்."

"அறிவு கெட்டவனே" என்று போனை வைத்துவிட்டார். அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

சத்யாவிடம் கேட்டேன். "புதன்கெழம சாவி வாங்கிட்டு வெள்ளிக்கெழம வரைக்கும் காத்திருந்தது இதுக்குத்தானா?"

"மூட்ட கனமா இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு."

"அப்ப நான் சொன்னதுல என்ன தப்பு?"

பிப்ரவரி 7, சனி

நேற்றுக் கிளம்பி இன்று காலை வந்தேன். நேராகக் கீழ்புத்துப்பட்டு. பிரபாகரனிடம் போனில் சொல்வது மரியாதை இல்லை. முழுதும் சொன்னேன், உப்பு உட்பட.

"ஏம்பா, எனக்குப் பொண்ணு பாத்துத் தர்றேன்னு போயி, பொண்ணுக்கு வூடு பாத்துக் குடுத்துட்டு வந்திருக்கியே."

டீ வாங்கிக் கொடுத்தான். அவனுடையதைக் குடிக்காமலே போய்விட்டான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

யாரும் வரவில்லை. அப்பா காலையிலேயே உப்பளத்துக்குப் போய்விட்டார். அம்மா சாய்ந்த டம்ளரில் டீ குடித்தாள்.

மார்ச் 3, செவ்வாய்

பாத்தியில் முதல் உப்பு வாரினார்கள். நல்ல வெள்ளை. அப்பா ஒரு கல்லை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "அவளுக்கு ஒரு சூளைக்கு எத்தன கிலோ புடிக்குமாம்?" என்றார்.

தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தெரியும். அவரே கேட்கட்டும். சாயந்திரம் கேட்டார். போனைக் கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

மார்ச் 11, புதன்

பிரபாகரன் கம்பெனி பம்ப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். ஒரு மாதமாகப் பேசவில்லை. "பாத்து ரிப்பேர் பண்ணு. உன்கிட்ட குடுத்தா வேற எங்கயாவது குடி வெச்சிடுவ" என்றான். நான் காசு வாங்கவில்லை. திட்டினான். சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

மார்ச் 20, வெள்ளி

சத்யா வடக்குச் சுவரைச் செங்கல்லில் கட்டிவிட்டாள். போட்டோ அனுப்பினாள். மூன்றாவது வரிசை கோணல். சொன்னேன். கை கூப்பும் படம் அனுப்பினாள். ஞாயிறு இரவு கிளம்பி, உப்போடு நான் போகிறேன். தெர்மோகப்பிளுக்கு இந்த முறை பீங்கான் உறை.

அப்பாவே உப்பை அள்ளி வந்து போட்டார். அம்மா வாசலில் உட்கார்ந்து மூட்டையின் வாயைக் கட்டினாள். வெறும் கயிறு.

"மஞ்சள் கட்டலியா?" என்றேன்.

"அது குடி போற அன்னைக்கு மட்டுந்தான்டா" என்றாள்.

கயிற்றை இழுத்த கை அப்படியே நின்றது. நான் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "பால் பொங்குது" என்று எழுந்து உள்ளே போனாள்.

பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.